எஞ்சினியர் அண்ணனின் மழைக் கொப்பி

திருகோணமலை
கார்த்திகை மாதம், சனிக்கிழமை

அன்புள்ள மச்சான்,

நம் எஞ்சினியர் அண்ணன் போய் இரண்டு மாதமாகிறது. அன்றைக்கு நீ வட்சப்பில் கேட்டபோது "நிம்மதியாகப் போனார்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எழுத அந்த நேரம் கை ஓடவில்லை. பிறகு எட்டுச் செலவு, அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்று சடங்குகளோடு நாட்கள் ஓடிவிட்டன. இன்றைக்கு வெளியே நல்ல மழை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கல்வெட்டு, அதுதான் அவருடைய நினைவு மலர், அச்சாகி வந்துவிட்டது. உனக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது கனடாவுக்கு வந்தால் கொடுத்துவிடுவேன். பிறந்தது, படித்தது, வேலை பார்த்த இடங்கள், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பொறியியல் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு மாறிய புதிதில் போய்ப் படித்தது, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருஷம், 2005இல் ஓய்வு, 79 வயது. என்னையும் நாலு பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஆனால் எனக்குத் தெரிந்த அண்ணன் அந்த நாலு பக்கத்துக்குள் வரவில்லை மச்சான். அவரை உனக்குத்தான் எழுத முடியும், நீயும் நானும் ஒன்றாக அவரிடம் படித்தவர்கள்.

டச்சுக்குடாக் கடற்கரை உனக்கு ஞாபகம் இருக்குமே. 1974, நாம் உயர்தரம் படித்த காலம். அவர் அப்போது கந்தளாய்ப் பக்கம் வேலை, சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவார். பிரயோக கணிதம் தலைக்குள் ஏறவில்லை என்று நாம் போய் நின்றோம். ஒரு சதம் வாங்கவில்லை. கொப்பியை மூடிவைத்துவிட்டு கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காய்ந்த மணலைக் குவித்து அது தானாக எந்தச் சரிவில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். பிறகு ஈரமணலில் முழங்கை நீளத்துக்கு ஒரு குளக்கட்டு. நீ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு பக்கம் ஊற்றினாய். நான் கட்டின் மேல் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கழுத்தைப் பிடித்து மெதுவாகக் கீழே குனிய வைத்தார். மறுபக்கம், கட்டின் அடியில், ஒரு சிறு கண் திறந்து தண்ணீர் குமிழியிட்டது. சுற்றிவர மணல் ஒரு வளையம் மாதிரிப் படிந்தது. இரண்டு நிமிஷத்தில் கட்டு நடுவால் இடிந்து இறங்கிவிட்டது.

"மேலால வழியிற தண்ணி எல்லாற்ற கண்ணிலயும் படும். அடியால வாறதை நாங்கதான் தேடிப் போய்ப் பாக்க வேணும்" என்றார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த நாளும் வந்து பார். கலங்கிய தண்ணீர் வந்தால் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டு. கலங்கல் என்றால் கட்டின் மண்ணே கரைந்து வருகிறது என்று அர்த்தம். நமக்குப் பரீட்சையில் அது வரவில்லை. ஆனால் அந்த மணல் வளையம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அவருடைய வேலை முழுவதும் அந்தப் பார்வைதான். வெளியார் நினைப்பது போல எஞ்சினியர் என்றால் ஜீப்பும் தொப்பியும் இல்லை. குளக்கட்டின் உள்பக்கக் கல்லடுக்கு சரிந்திருக்கிறதா, வெளிச்சரிவில் எங்காவது புல் மட்டும் அளவுக்கு மீறிப் பச்சையாக நிற்கிறதா, புற்று வைத்திருக்கிறதா, உடும்பு வளை தோண்டியிருக்கிறதா, ஆலங்கன்று வேர் விட்டிருக்கிறதா என்று மைல் கணக்கில் நடப்பது. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துரிசுக் கதவின் திருகாணிக்கு கிறீஸ் போட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது. மாரி முழுக்க நித்திரை இல்லாமல், மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வான்கதவைப் பற்றி யோசிப்பது. ஒரு குளம் உடையாமல் இருந்த வருஷத்தை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. அந்த மாதிரி வருஷங்கள்தான் அவருடைய சம்பாத்தியம்.

1986 ஏப்ரல் 20, விடியப்புறம் கந்தளாய்க் குளம் உடைந்தது. குளக்கோட்டன் கட்டினான் என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்ட குளம், தம்பலகாமம் வயல்வெளி முழுக்க அதை நம்பித்தான். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நீ அப்போது போய்விட்டாய், பேப்பரில்தான் படித்திருப்பாய். அண்ணன் அந்த நேரம் கந்தளாய்ப் பொறுப்பில் இல்லை, ஆனால் விடிந்ததும் போய்விட்டார். மூன்றாம் நாள் இரவு திரும்பி வந்தார். நான் போய்ப் பார்த்தபோது முற்றத்தில் நின்று காற்சட்டையிலிருந்த காய்ந்த சேற்றைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வீடுகளின் சுவரில் வெள்ளம் ஏறி நின்ற கறையை ஒவ்வொன்றாக நாடா பிடித்து அளந்ததாகச் சொன்னார். "ஆரோ ஒராள் அளக்கத்தானே வேணும்." ஒரு வீட்டில் கறை, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தின் நடுவால் போயிருந்ததாம். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பாரமான வாகனங்கள் கட்டின் மேலால் போனதும் ஒரு காரணம் என்று பின்னர் பேசப்பட்டது. அதற்குப் பிறகு அண்ணன் எந்தக் குளக்கட்டில் ஏறினாலும் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார். சைக்கிள் பாரத்துக்குக் கட்டு ஒன்றும் ஆகாது என்று அவரை விட யாருக்குத் தெரியும்? இருந்தும் உருட்டிக்கொண்டுதான் போனார்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1990 ஆனி மாதம் சண்டை தொடங்கியதும் தன் மனைவியை, நம் அக்காவை, மூன்று பிள்ளைகளோடு கொழும்புக்கு அனுப்பினார் அல்லவா, வெள்ளவத்தையில் ஒரு சின்ன அனெக்ஸ். அவர் வேலைக்காக இங்கேயே நின்றார். நாலு வருஷம். அந்தியேட்டி முடிந்த அன்று பின்னேரம் மூத்தவள் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே தபாலட்டைகள், கட்டுக் கட்டாக. அந்த நாலு வருஷமும் வாரத்துக்கு ஒன்று எழுதியிருக்கிறார். மேல்பாதியில் சுகம் விசாரிப்பு. கீழ்ப்பாதியில் ஒரு கணக்கு.

பாலம் வரும் முன் வாகனங்களை ஏற்றிக் கடத்திய மிதவைப் படகு, நாம் பாதை என்று சொல்வோமே, அதைப் பற்றிய ஒன்றை அப்படியே எழுதுகிறேன், பார்: "கிண்ணியாப் பாதை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக 12 நிமிடம். ஒரு தடவைக்கு 4 வாகனம் ஏற்றலாம். பாதை இக்கரையில் நிற்கிறது. அப்பாவின் ஜீப் வரிசையில் ஏழாவது. அப்பா எத்தனை நிமிடத்தில் அக்கரை சேர்வார்?" விடை அடுத்த அட்டையில். "36 நிமிடம். ஏற்றி இறக்கும் நேரத்தை விட்டுவிட்டீர்களே அப்பா என்று கேட்டவருக்கு இரண்டு புள்ளி கூட."

சண்டை, செக்பொயின்ற், யார் செத்தார், யார் காணாமல் போனார், ஒரு சொல் இல்லை. பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று விட்டிருக்கிறார். ஆனால் மூத்தவள் சொன்னதைக் கேள்: "மாமா, கணக்கைப் பாத்தா அப்பா எங்க நிக்கிறார் எண்டு தெரியும். பாதைக் கணக்கு வந்தா கிண்ணியா தாண்டிப் போயிருக்கிறார். துரிசுக் கணக்கு வந்தா அல்லைப் பக்கம். வட்டிக் கணக்கு வந்தா வீட்டில சும்மா இருக்கிறார், வெளிய போக விடயில்லை." பதினொரு வயதுப் பிள்ளை அப்படி வாசித்திருக்கிறது. ஒரு கிழமை அட்டை பிந்தினால் அக்கா சமைக்க மாட்டாராம். அட்டை வந்ததும் முதலில் கணக்கைத்தான் பார்ப்பார்களாம்.

கிண்ணியாப் பாலம் 2009 ஐப்பசியில் திறந்தபோது, 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று சனம் அள்ளுப்பட்டுப் போனது. மூத்தவள் விடுமுறையில் வந்திருந்தாள். அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை நடக்க வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்து "அஞ்சு நிமிஷம். இனி அந்தக் கணக்கு செல்லாது" என்றாராம். அவள் அழுதுவிட்டாளாம். எந்தக் கணக்கு என்று அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

சுனாமிக்குப் பிறகு நீ பணம் அனுப்பினாய், அதில் கிணறு இறைக்கும் மெசின் வாங்கினோம் என்று எழுதியிருந்தேன். அந்த மெசினை அண்ணன் எப்படிப் பாவித்தார் என்று எழுதவில்லை. 2004 மார்கழி 26 ஊருக்குள் வந்து போன கடல் கரையோரக் கிணறு எல்லாவற்றையும் உப்பாக்கிவிட்டது. உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, எங்கும் ஒரே கதை. உதவிக்கு வந்தவர்களும் சனமும் சேர்ந்து கிணறுகளை இறைத்துத் தள்ளினார்கள், நல்ல தண்ணீர் வரும் வரை இறைப்போம் என்று. எவ்வளவு இறைத்தாலும் உப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அண்ணன் ஓய்வுபெறச் சில மாதங்கள்தான் இருந்தன. சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் "போதும், இறைக்காதேங்க" என்று மறித்தார். யார் கேட்பார்கள்? சிலர் பேசியும் அனுப்பினார்கள்.

அப்போது ஒரு வேலை செய்தார். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு கண்ணாடித் தம்ளர் கேட்பார். பாதிக்குத் தண்ணீர் விட்டு இரண்டு கரண்டி உப்பைக் கரைப்பார். பிறகு சீனி போடாத பிளேன்ரீயை ஆறவைத்து, கரண்டியின் முதுகில் பட்டு வழிகிற மாதிரி மெல்ல மெல்ல ஊற்றுவார். தேநீர் கீழே இறங்காது. உப்புத் தண்ணீரின் மேல் செம்மண் நிறத்தில் தட்டையாக மிதந்துகொண்டு நிற்கும். "இதுதான் உங்கட கிணறு. நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதக்குது. மேல ஒரு அடி குறைஞ்சா, கீழ உப்பு நாப்பது அடி ஏறப் பாக்கும். ஊத்தையை ஒருக்கா மெதுவா இறைச்சு எடுத்துட்டு விடுங்க. மிச்சத்தை மழை கழுவும்." நானே பத்து வீட்டில் பார்த்திருப்பேன், அந்தத் தம்ளரைக் கண்டதும் மெசின் நின்றுவிடும். என் அம்மாவின் கிணற்றையும் அப்படித்தான் விட்டோம். அடுத்தடுத்த மாரிகளில் தண்ணீர் திருந்தி வந்தது. கிழவி கடைசி வரைக்கும் அவரைத் "தேத்தண்ணி எஞ்சினியர்" என்றுதான் சொல்வா.

2006இல் மாவிலாற்றுத் துரிசை மூடியதும் அங்கிருந்துதான் கடைசிச் சண்டை தொடங்கியதும் உனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவர் வீட்டு விறாந்தையில் மூன்று இனத்துக் கமக்காரரும் வந்து இருந்தார்கள், ஓய்வுபெற்ற மனுஷனிடம் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும். எல்லாரையும் இருத்தித் தேநீர் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் குரல் உடைந்து பேசியது அன்றைக்கு மட்டும்தான்: "தம்பி, அந்தக் கதவு பயிருக்குப் போட்டது."

அந்த விறாந்தைக்குச் செத்தவீட்டன்றும் அவர்கள் வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட பழைய வட்டவிதானை ஒருவர், எண்பதைத் தாண்டியவர், மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தார். தண்ணி முறை பிரிக்கிறபோது கடைமடைக்காரனை முதலில் கேட்கிற ஒரே ஐயா இவர்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதார். கந்தளாயிலிருந்து வந்த சிங்களப் பெரியவர் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் காலடியில் நின்றுவிட்டுப் போனார். தம்பலகாமத்தார் எட்டுச் செலவுக்குத் தயிர்ச் சட்டியோடு வந்தார்கள்.

இப்போது அக்காவைப் பற்றி. இதுதான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. 2018இல் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது தெரியும்தானே. பிள்ளைகள் மூவரும் வெளியூரில். வேலைக்கு ஆள் வைப்போம் என்றார்கள். அண்ணன் சம்மதிக்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் அடுப்படிக்குள் போனார். நான் ஒருநாள் காலையில் போகிறேன், அக்கா குசினி வாசலில் கதிரையில் இருக்கிறார், அண்ணன் பிட்டுக்கு மா குழைக்கிறார்.

"தண்ணி எவ்வளவு விடுறது?"

"கை சொல்லும்."

"உம்மட கை சொல்லும். என்ட கைக்கு அளவு வேணும்."

மாவை ஒரு கோப்பையில் அளந்து, வெந்நீரை அரைக்கால் கோப்பையாகக் கூட்டிக் கூட்டி, நாலு நாள் பிட்டு களியாகவும் கல்லாகவும் வந்து, ஐந்தாம் நாள் சரியாக வந்தது. அந்த அளவைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தார். இன்னும் இருக்கிறது, அழிக்க அக்கா விடவில்லை. மரக்கறித் தோலையெல்லாம் ஒரு தட்டத்தில் சேர்த்து மதிலடியில் வைப்பார், கோட்டையடி மான்கள் வந்து தின்னும். முன்பு அது அக்கா செய்தது.

அவர் முற்றத்தில் மழைமானி வைத்திருந்தது நீ வந்தபோது பார்த்திருப்பாய். ஓய்வுபெற்ற பிறகும் தினமும் காலை எட்டரைக்கு வாசிப்பார், திணைக்களத்தில் எடுத்த அதே நேரம். அக்காவுக்கு வருத்தம் வந்த பிறகு அதில் ஒரு மாற்றம் செய்தார். அளவுச்சாடியில் ஊற்றிக் கொண்டுவந்து அக்காவின் கண்ணுக்கு நேரே பிடிப்பார். அக்கா வாசிக்க வேண்டும், இடது கையால் கொப்பியில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளிலும் சைபர் போட வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம் முழுக்கச் சைபர்தான். "சும்மா ஏன் என்னை வதைக்கிறீங்க" என்று அக்கா சினப்பார். விடமாட்டார்.

அந்தக் கொப்பிகளை நான் போன கிழமை முழுதாகப் பார்த்தேன். முதல் மாதம் எண்கள் கோழி கிண்டின மாதிரி. ஒரு சைபர் பக்கத்தின் அரைவாசிக்கு இருக்கிறது. மெல்ல மெல்லக் கோட்டுக்குள் வருகிறது. 2020 மாரியில் அக்காவின் பழைய ரீச்சர் எழுத்து, இடக்கையில், திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் குறிப்பு என்று ஒரு நிரல், அது அண்ணன் எழுதியது. நாளைக்கு ஒரு வரி. "அவ இண்டைக்கு 20 அடி நடந்தா." "பேரனுக்கு முதற்பல்." "கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் பூ." "அவ தானே தலை இழுத்தா." "கலங்கல் இல்லை." இந்தக் கடைசி வரி பல இடங்களில் வருகிறது. எதைச் சொல்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. அக்காவிடம் கேட்டேன். "ராவில எழும்பி என்னைப் பாப்பார். மூச்சு சரியா இருந்தா அப்படி எழுதுவார்" என்றார்.

மச்சான், நான் கொப்பியை மூடி வைத்துவிட்டு கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றேன்.

அந்தியேட்டி கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்தான் செய்தோம். அந்த ஏழு கிணற்றுக்கும் ஒரு காலத்தில் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெப்பமானியோடு போவார். மூன்று நாலு அடிக்கு மேல் ஆழமில்லாத கிணறுகள், ஒன்றுக்கொன்று ஏன் சூடு வித்தியாசம் என்று கண்டுபிடித்துச் சொல்பவருக்கு ஐஸ்கிறீம். இராவணன் தாய்க்குக் கடன் செய்ய வாளை ஊன்றியதால் வந்த கிணறுகள் என்று அக்கா சொல்ல, நிலத்தின் ஆழத்துச் சூடு என்று இவர் சொல்ல, பிள்ளைகள் இரண்டையும் எழுதிக்கொள்வார்கள். அன்று மகன் சடங்கு முடித்துத் தலையில் தண்ணீர் வார்த்தபோது, கிணற்றுக்குக் கிணறு நின்று கையை விட்டுப் பார்த்தான். நாங்கள் யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் நமக்கு எழுதித் தந்த பிரயோக கணிதக் குறிப்பு, நீலமட்டைக் கொப்பி, நீ போகும்போது பெட்டியில் வைத்ததாக ஞாபகம். இருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பு. மூத்தவளின் மகன் இந்த வருஷம் உயர்தரம், தாத்தாவின் எழுத்தில் படிக்க வேண்டும் என்கிறான். தைக்கு நீ வருவதாகச் சொன்னதும் மாறாமல் இருக்கட்டும். அக்கா இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

இப்போது காலை எட்டரைக்கு நான்தான் போகிறேன். வீடு பக்கத்தில்தானே. நேற்றிரவு நல்ல மழை, இன்று காலை சாடியைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். "கையை ஆட்டாதேங்க, அவர் ஆட்டமாட்டார்" என்றார் அக்கா. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இடது கையால் எழுதினார்: 41.5.

குறிப்பு நிரலை எனக்கு நேரே தள்ளினார். என்ன எழுதுவதென்று தெரியாமல், உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்று எழுதிவிட்டு வந்தேன்.

அன்புடன்,
உன் மச்சான்